யாருடைய உப்பைத் தின்று எழுதினார்கள்? மங்கோலியர் வரலாறு எழுதப் புறப்பட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்



செங்கிஸ் கானைப் பற்றியும் அவருடைய பிள்ளைகள், பேரன்கள் நடத்திய படையெடுப்புகளைப் பற்றியும் தமிழில் எழுதப் புறப்பட்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். புத்தகம் எழுதுகிறவர்கள், வாரத்தொடர் எழுதுகிறவர்கள், காணொளிக்கு உரை எழுதுகிறவர்கள் என்று பல வகையாக இருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதங்களில் வரும் முதல் கேள்வி மட்டும் மாறுவதே இல்லை. "மொத்தம் எத்தனை பேரைக் கொன்றார்கள் சார்? நாலு கோடி என்கிறார்களே, போடலாமா?"

போடாதீர்கள். அந்த எண்ணைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எவரும் எண்ணிச் சொல்லவில்லை. பெரும்பாலும் சீனக் குடிக்கணக்குகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்து வந்த எண் அது. வடசீனத்தை ஆண்ட ஜின் அரசு 1207-இல் எடுத்த கணக்கில் 75 லட்சத்துக்கு மேல் குடும்பங்கள் இருந்தன. மங்கோலியர் 1230-களில் அதே நிலத்தில் எடுத்த கணக்கு 20 லட்சத்தைத் தாண்டவில்லை. வித்தியாசம் முழுவதும் பிணம் என்று எடுத்துக்கொண்டால் கோடிகள் வந்துவிடும். ஆனால் குடிக்கணக்கு என்பது வரி வசூலிக்க முடிந்தவர்களின் கணக்கு. தெற்கே சோங் நாட்டுக்கு ஓடியவன் அதில் இல்லை. மங்கோலிய இளவரசர்களும் தளபதிகளும் அடிமையாக இழுத்துக்கொண்டவனும் இல்லை. மஞ்சள் ஆறு கரை மாறிப் பாய்ந்து அழித்த ஊர்க்காரனும் இல்லை. பஞ்சத்தில் செத்தவனும் வாளால் செத்தவனும் ஒரே வெற்றிடமாகத்தான் அந்த ஏட்டில் தெரிகிறார்கள். சாவு மிகப் பெரியது என்பதில் சந்தேகமில்லை. அதன் அளவைச் சொல்ல அந்தக் கழித்தல் கணக்கு போதாது என்பதுதான் விஷயம்.

சரி, நேரில் எண்ணிய கணக்கே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கிழக்குப் பாரசீகப் பகுதியான குராசானின் மெர்வ் நகரம் 1221-இல் செங்கிஸின் கடைசி மகன் தொலுயிடம் விழுந்தது. ஊரில் எஞ்சிய பெரியவர் ஒருவர் சிலரோடு சேர்ந்து பதின்மூன்று இரவும் பகலும் பிணங்களை எண்ணினார், 13 லட்சத்துக்கு மேல் வந்தது என்று பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி எழுதுகிறார். அதே மெர்வுக்கு மோசூலில் இருந்த இப்னுல் அதீர் தரும் எண் 7 லட்சம். டெல்லியில் உட்கார்ந்து எழுதிய ஜூஸ்ஜானி, ஹெராத் என்ற ஒரே ஊருக்கு 24 லட்சம் என்கிறார். அந்தப் பாலைவனச் சோலைகளின் நீரும் விளைச்சலும் எத்தனை வாய்க்குச் சோறு போட்டிருக்கும் என்று ஒரு கணம் யோசித்தாலே இந்த எண்கள் ஆட்டம் காண்கின்றன. சுற்று வட்டாரமே உயிர் பிழைக்க ஊருக்குள் ஓடி வந்திருந்தது என்று வைத்துக்கொண்டாலும் 24 லட்சம் வராது.

இந்த இடத்தில்தான் உங்களில் பாதிப் பேர் ஒரு பக்கமும் மீதிப் பேர் இன்னொரு பக்கமும் சாய்ந்துவிடுகிறீர்கள். ஒரு சாரார் எண்ணை அப்படியே எடுத்துப் போட்டு ரத்த ஆறு ஓடவிடுகிறீர்கள். மற்றவர்கள், இது முழுப் பொய், தோற்றவன் ஒப்பாரி என்று ஒதுக்குகிறீர்கள். நான் கேட்டுக்கொள்வது வேறு. எண்ணைத் தொடுவதற்கு முன் அதைச் சொன்னவரைப் பாருங்கள். எங்கே பிறந்தார், எப்போது எழுதினார், யாரிடம் கேட்டு எழுதினார், யாருடைய உப்பைத் தின்று எழுதினார். ஒவ்வொரு சாட்சிக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி இதை முதலில் எழுதிவிடுங்கள். படையெடுப்பின் கதையைப் பிறகு தொடங்கலாம்.

ஜுவைனியிலிருந்தே தொடங்குவோம். அவருடைய தாத்தா குவாரஸம் ஷாவின் அரண்மனையில் அதிகாரியாக இருந்தவர். அதாவது மங்கோலியர் அழித்த அரசின் ஊழியர். அப்பா அதே குராசானில் மங்கோலியருக்கு நிதி அதிகாரி. ஜுவைனி பிறந்தது 1226-இல், மெர்வ் அழிந்து ஐந்து வருடம் கழித்து. புத்தகத்தை எழுதத் தொடங்கியது மோங்கே கானின் தலைநகரான கரகோரத்தில், 1252-53 வாக்கில். பிறகு மோங்கேயின் தம்பி ஹுலாகுவின் பரிவாரத்தில் சேர்ந்து 1256-இல் அலமூத் கோட்டை விழுந்தபோது உடனிருந்தார். அங்கிருந்த இஸ்மாயிலிகளின் நூலகத்தில் புகுந்து தனக்கு நல்லதென்று பட்ட நூல்களையும் வானியல் கருவிகளையும் எடுத்துக்கொண்டு மீதியை எரித்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். பாக்தாத் விழுந்த மறு வருடம் அந்த ஊருக்கே நிர்வாகியானார். ஆனால் அவர் புத்தகம் அலமூத்தோடு நின்றுவிடுகிறது. கலீபாவின் முடிவைப் பற்றி அவர் பேனா வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்டவர், தன் எஜமானர்கள் செய்த கொலைகளை ஏன் மறைக்காமல், கூட்டியே சொல்கிறார்? ஜெயித்தவன் குறைத்துச் சொல்வான், தோற்றவன் கூட்டிச் சொல்வான் என்பது நமக்குப் பழகிய விதி. மங்கோலியர் விஷயத்தில் அந்த விதி செல்லாது. பயம் அவர்களுக்கு ஆயுதம். அடுத்த ஊர் வாசலில் படை போய் நிற்பதற்கு முன்பே முந்தின ஊரின் கதை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் கதவு தானாகத் திறக்கும். ஹுலாகு 1262-இல் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயிக்கு அனுப்பிய கடிதம் கிடைத்திருக்கிறது. பாக்தாதில் 2 லட்சத்துக்கு மேல் கொன்றதாக அதில் தானாகவே சொல்லிக்கொள்கிறார். யாரும் கேட்கவில்லை, குற்றமும் சாட்டவில்லை. நட்பு நாடி எழுதிய கடிதத்தில் அது ஒரு தகுதிச் சான்று. தோற்றவர்களோ, இவ்வளவு பெரிய அழிவு வெறும் மனிதக் கையால் வந்திருக்காது, இறைவனின் தண்டனை என்று நம்பினார்கள். தண்டனை பெரிதாக இருந்தால்தான் அந்த நம்பிக்கை நிற்கும். ஆக இரண்டு தரப்புக்கும் பெரிய எண் தேவைப்பட்டது. இதை மனத்தில் வைக்காமல் மெர்வைப் பற்றி ஒரு பத்திகூட எழுத முடியாது.

ஜுவைனிக்கும் ஒரு எல்லை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆமு ஆற்றின் கீழ்க்கரையில் இருந்த குர்கஞ்ச் நகரின் சாவுக் கணக்கைக் கேட்டபோது அவராலேயே நம்ப முடியவில்லை, ஆகவே எழுதவில்லை என்று சொல்லிவிட்டு நகர்கிறார். மெர்வின் 13 லட்சத்தை விழுங்கியவருக்கு எது தொண்டையில் சிக்கியிருக்கும்! அவருக்குப் பின் எழுதியவர்கள் அந்தக் கூச்சமும் இல்லாமல் எண்ணை எழுதிவிட்டார்கள்.

ஜூஸ்ஜானியின் உப்பு வேறு. அவர் கோர் மலைநாட்டுக்காரர். மங்கோலியரை எதிர்த்துக் கோட்டையில் நின்று போரிட்டவர், பிறகு ஊரை விட்டு இந்தியாவுக்கு வந்தவர். டெல்லியில் காஜியாக இருந்து 1260-இல் புத்தகத்தை முடித்து சுல்தான் நாசிருத்தீன் மஹ்மூதுக்குச் சமர்ப்பித்தார். மங்கோலியரைச் சபிக்க அவருக்கு எந்தத் தடையும் இல்லை, சபிக்கவும் செய்கிறார். அந்த வெறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் மேற்கே ஹெராத்தில் என்ன நடந்தது என்பதைவிட, டெல்லியில் இருந்த அகதிகள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்குத்தான் அவர் நல்ல சாட்சி. அவரை ரேவர்ட்டி என்ற ராணுவ அதிகாரி 1881-இல் ஆங்கிலமாக்கினார். மூலத்தைவிட அடிக்குறிப்பு நீளம், அதில் பாதி மற்ற அறிஞர்களோடு சண்டை. பொறுமையாகப் படித்தால் அந்தச் சண்டையிலும் நிறைய விஷயம் இருக்கிறது.

இந்த இரண்டு பக்கமும் சேராத ஒருவர் கிடைக்க மாட்டாரா என்று ஏங்கும்போது லி சீசாங் வருகிறார். செங்கிஸ் கானுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. சாவை வெல்லும் மருந்து தெரிந்தவர் என்று கேள்விப்பட்டு கியூ சூஜி என்ற தாவோ துறவியைச் சீனத்திலிருந்து வரவழைத்தார். எழுபது தாண்டிய கிழவர் பாலைவனமும் மலையும் கடந்து 1222-இல் இந்துகுஷ் பக்கம் இருந்த முகாமுக்குப் போய், சாகாமல் இருக்க மருந்து எதுவும் இல்லை, ஆயுளைக் காத்துக்கொள்ளத்தான் வழி உண்டு என்று நேரடியாகச் சொன்னார். உடன் போய் அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதிய சீடர்தான் லி சீசாங். வழியில் சமர்கண்டில் தங்கினார்கள். ஊர் விழுந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. முன்பு அங்கே லட்சம் குடும்பங்களுக்கு மேல் இருந்தன, இப்போது கால்வாசிதான் மிச்சம் என்று அவர் குறிக்கிறார். ரத்தம், தலைக் குவியல், வானத்தின் சாபம் எதுவும் கிடையாது. தோட்டங்கள், நீர்க்கால்கள், காய்கறி, ஆள் பற்றாக்குறை, இவ்வளவுதான்.

அந்த முக்கால்வாசியும் செத்தவர்களா? இங்கே ஜுவைனியே உதவிக்கு வருகிறார். சமர்கண்டில் 30,000 கைவினைஞர்களைப் பிரித்தெடுத்து இளவரசர்களுக்கும் உறவினர்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள் என்கிறார். கிட்டத்தட்ட அதே அளவு ஆண்களைக் கட்டாயப் படைக்குப் பிடித்தார்கள். அடுத்த கோட்டையை முற்றுகையிடும்போது இவர்கள்தான் முன்னே தள்ளப்படுவார்கள். அகழியை நிரப்புவதும் முதல் அம்பை வாங்குவதும் அவர்களே. ஒரு ஊரைக் கொண்டு அடுத்த ஊரை உடைக்கும் இந்த முறைதான், ஈரானில் பிற்காலத்தில் எழுதிய ரஷீதுத்தீன் கணக்கில் செங்கிஸ் சாகும்போது 1,29,000 பேர் மட்டுமே இருந்த படை, கோட்டை கோட்டையாக விழுங்கியதற்கு ஒரு பெரிய காரணம். செத்தவர்களின் மொத்த எண்ணைத் தேடுவதில் நாம் செலவழிக்கும் நேரத்தில் பாதியை, உயிரோடு இழுத்துச் செல்லப்பட்ட இவர்கள் எங்கே போனார்கள் என்று தேடச் செலவழித்தால் புத்தகம் வேறு மாதிரி வரும். சமர்கண்ட் நெசவாளி சீனத்தில் தங்க இழைப் பட்டு நெய்தார். பாரிஸ் பொற்கொல்லர் ஒருவர் ஹங்கேரியில் பிடிபட்டு, கரகோரத்தில் மோங்கே கானுக்குக் கிளைகளிலிருந்து மது கொட்டும் வெள்ளி மரம் செய்து கொடுத்தார். 1254-இல் அங்கே போன பிரான்சிஸ்கன் துறவி ருப்ருக் அந்த மரத்தையும் பார்த்தார், அதைச் செய்தவரோடும் பழகினார்.

லி சீசாங்கும் உப்பே தின்னாதவர் அல்ல. அவருடைய குருவின் மடத்துக்குச் செங்கிஸ் 1223-இல் வரிவிலக்கு கொடுத்தார். மடம் மளமளவென்று வளர்ந்தது. அதனால்தான் அந்தப் புத்தகத்தில் கானைப் பற்றி ஒரு கடுஞ்சொல் கிடையாது. ஆனால் சமர்கண்டின் மக்கள்தொகையைக் கூட்டவோ குறைக்கவோ அவருக்குக் காரணம் எதுவும் இல்லை. ஒரே சாட்சியின் ஒரு வரியை நம்பி இன்னொரு வரியைச் சந்தேகிக்கலாம். சந்தேகிக்கவும் வேண்டும்.

மங்கோலியர் தாங்களே எழுதியது ஒன்றுதான் நம் கைக்கு வந்திருக்கிறது. 'மங்கோலியரின் ரகசிய வரலாறு' என்று அழைக்கப்படும் அந்த நூலின் மூலப்பிரதி தொலைந்துவிட்டது. மிங் ஆட்சியின் தொடக்கத்தில் மங்கோலிய மொழி கற்பிக்கும் பாடநூலாக, சீன எழுத்துகளால் மங்கோலிய ஒலிகளைக் குறித்து வைத்த படியாகத்தான் அது பிழைத்தது. பீஜிங்கில் இருந்த ரஷ்யப் பாதிரியார் பல்லாதியுஸ் 1866-இல் மொழிபெயர்த்து வெளியிடும் வரை வெளியுலகுக்குத் தெரியாது. எலி ஆண்டில் எழுதி முடித்ததாக நூலே சொல்கிறது. எந்த எலி ஆண்டு, 1228-ஆ, 1240-ஆ, 1252-ஆ என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். உலகை நடுங்க வைத்தவர் சின்ன வயதில் நாய்க்குப் பயந்தார், மாற்றாந்தாய் மகனான அண்ணனை அம்பெய்து கொன்றார், அவர் மனைவியை எதிரிகள் தூக்கிப் போனார்கள், மூத்த மகன் யாருக்குப் பிறந்தவன் என்று குடும்பத்துக்குள்ளேயே சண்டை வந்தது என்பதெல்லாம் இதில்தான் இருக்கிறது. வெளியாள் எவனும் இதை எழுதியிருக்க முடியாது, எழுதியிருந்தால் தலை இருந்திருக்காது. ஆனால் நீங்கள் தேடும் மேற்குப் படையெடுப்பு இதில் சில பக்கங்கள்தான், அதுவும் ஊர் பெயர்களும் வரிசையும் குழம்பி. மெர்வ் அழிந்தது மெர்வ்காரனுக்கு உலகத்தின் முடிவு. இந்தக் குடும்பத்துக்கு அது வேட்டையில் ஒரு நாள்.

ரஷீதுத்தீனைப் பற்றித் தனி மடலே எழுதலாம். யூத மருத்துவராகப் பிறந்து, இஸ்லாத்துக்கு மாறி, ஈரானை ஆண்ட கசான் கானின் அமைச்சராகி, மங்கோலியக் குடும்ப ஏடுகளின் செய்திகளைப் போலாத் என்ற மங்கோலிய அதிகாரி மூலம் கேட்டறிந்து உலக வரலாறு எழுதியவர். 1318-இல், முந்தின கானுக்கு விஷம் வைத்ததாகக் குற்றம் சாட்டிக் கொன்றார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கசானுக்கு முந்தைய மங்கோலிய ஆட்சி விவசாயியை எப்படிக் கசக்கிப் பிழிந்தது என்று அவர் பக்கம் பக்கமாக எழுதுவது, கசானின் சீர்திருத்தங்களை ஒளிரச் செய்யத்தான். அந்தச் சீர்திருத்தங்களில் அவருக்கும் பங்கு உண்டு.

இனி பாக்தாத். 1258 பிப்ரவரியில் நகரம் விழுந்தது, கலீபா முஸ்தஸிம் கொல்லப்பட்டார். இதுவரை யாருக்கும் சண்டையில்லை. அடுத்த வரியில் நீங்கள் எல்லோரும் டைக்ரிஸ் நதியைக் கறுப்பாக்கிவிடுகிறீர்கள். ஆற்றில் வீசிய நூல்களின் மையால் தண்ணீர் கறுத்த கதை பிற்காலத்து எழுத்துகளில் வளர்ந்தது. அந்தத் தலைமுறையின் சாட்சியாக நம்மிடம் இருப்பவர் இப்னுல் ஃபுவதி. பாக்தாத்காரர், பதினான்கு வயதில் மங்கோலியரிடம் சிறைப்பட்டவர். பிறகு மராகாவில், வானியலாளர் நாசிருத்தீன் தூசி 1259-இல் ஹுலாகுவின் பணத்தில் தொடங்கிய ஆய்வகத்தின் நூலகத்தில் வேலை செய்தார். பின்னர் பாக்தாதுக்கே திரும்பி முஸ்தன்சிரிய்யா கல்லூரியின் நூலகத்துக்குப் பொறுப்பாளரானார். ஆக அந்த நகரத்தில் நூலகமும் இருந்தது, அதற்குப் பொறுப்பாளரும் தேவைப்பட்டார். நூல்கள் கொள்ளை போயின, விற்கப்பட்டன, மராகாவுக்கு இடம் மாறின, அழிந்தும் போயின. இது கறுத்த நதியைவிடச் சிக்கலான கதை. சிறுவனாகச் சங்கிலியில் போனவன் நூலகராகத் திரும்பி வருவதை எழுத உங்களுக்குக் கை துறுதுறுக்கவில்லையா?

குதிரைகளையும் மறந்துவிடாதீர்கள். ஒரு வீரனுக்கு ஐந்து குதிரை வீதம் வைத்துக்கொண்டால், இரண்டு தூமன் (இருபதாயிரம் பேர்) படை என்பது லட்சம் குதிரை. அதற்குப் புல் வேண்டும், தண்ணீர் வேண்டும். 1260-இல் அய்ன் ஜாலூத்தில் எகிப்தின் மம்லூக்குகள் மங்கோலியரைத் தோற்கடித்ததை ஒரு வீரகாவியமாக எழுதுவீர்கள். எழுதுங்கள், ஆனால் அங்கே நின்றது ஹுலாகுவின் தளபதி கித்புகாவின் சிறு படை மட்டுமே. பெரும்படையை ஹுலாகு ஏற்கெனவே சிரியாவிலிருந்து விலக்கிக்கொண்டு போயிருந்தார். மோங்கே இறந்த செய்தி ஒரு காரணம். லூயிக்கு எழுதிய அதே கடிதத்தில் தீவனம் தீர்ந்துபோனதை அவரே ஒரு காரணமாகச் சொல்கிறார். 1242-இல் ஹங்கேரியிலிருந்து செங்கிஸின் பேரன் பாத்து ஏன் திரும்பினார் என்பதிலும் ஒகதாய் கானின் சாவு ஒரு பக்கம், புல்வெளி போதாமை ஒரு பக்கம் என்று வாதம் நடக்கிறது. 2016-இல் மர வளையங்களை வைத்து அந்த வருடத்து ஈரமும் குளிரும் காரணம் என்று ஒரு ஆய்வு வந்தது, மறு வருடமே அதற்கு மறுப்பும் வந்தது. வரைபடத்தில் தலைநகரங்களை மட்டும் குறிக்காதீர்கள், மேய்ச்சல் நிலங்களையும் குறியுங்கள்.

ஆசியாவில் பலர் செங்கிஸின் வாரிசு என்று 2003-இல் வந்த மரபணு ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை. செங்கிஸின் உடல் கிடைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாததால் அது ஊகம் என்ற அளவில் நிற்கிறது. அத்தியாயத் தலைப்பாக வைக்கும் தகுதி அதற்கு இல்லை.

இப்போது ஒரு புதிய மோஸ்தர் வந்திருக்கிறது. அரக்கன் போய் அறிஞன் வந்துவிட்டான். தடையற்ற வணிகம், குதிரை அஞ்சல், மத சகிப்புத்தன்மை, உலகமயம் என்று செங்கிஸைக் கொண்டாடும் நூல்கள். நேருவே சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய கடிதத்தில் அவர்மேல் ஒரு மயக்கத்தை மறைக்கவில்லை. எனக்கு இந்த மோஸ்தர் பழையதைவிட அதிகம் உறுத்துகிறது. பழையதில் செத்தவர்களின் எண் பொய்யாக இருந்தாலும் செத்தவர்கள் இருந்தார்கள். சகிப்புத்தன்மை என்கிறார்களே, அதன் நடைமுறை என்ன? துறவிகள், பாதிரிகள், முல்லாக்களுக்கு வரி கிடையாது. பதிலுக்கு அவரவர் தெய்வத்திடம் கானின் நலத்துக்காக வேண்டிக்கொள்ள வேண்டும். எந்தத் தெய்வம் வலியது என்று தெரியாத நிலையில் எல்லாத் தெய்வத்திடமும் சொல்லி வைப்பது புத்திசாலித்தனம். அதை நம் காலத்து மதச்சார்பின்மையாக்கிவிடாதீர்கள்.

இந்த நடைமுறைக்கு ஒரு சான்று, மொழிபெயர்ப்பு இல்லாமலே நாம் படிக்கக்கூடியது, தென்சீனத் துறைமுகமான சுவான்சௌவில் கிடைத்திருக்கிறது. தமிழ்க் கல்வெட்டு. சகம் 1203 சித்திரை, அதாவது கி.பி. 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசைகானின் உடல் நலத்துக்காக, அவருடைய பர்மான் (அரசாணை) படி, திருக்கதலீச்சுரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்திருக்கிறார். தமிழுக்குக் கீழே ஒரு வரி சீன எழுத்து. செகசைகான் என்பது சீனத்தை ஆண்ட குப்ளாய் கானின் சேச்சன் கான் என்ற பட்டம். நொபுரு கராஷிமா உள்ளிட்டோர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

தேதியைப் பாருங்கள். சோங் அரசின் கடைசிக் கடற்படை யாமெனில் மூழ்கி இரண்டே வருடம். சுவான்சௌவைக் கையில் வைத்திருந்த பூ ஷௌகெங் என்ற முஸ்லிம் வணிகர் மங்கோலியர் பக்கம் சாய்ந்து, ஊரில் இருந்த சோங் அரச குடும்பத்தினர் கொல்லப்பட்டு நாலைந்து வருடம். அந்தக் கோடையில்தான் ஜப்பானை நோக்கிப் போன குப்ளாயின் பெருங்கடற்படை புயலில் சிதறியது. குப்ளாயின் தூதர்கள் கொல்லத்துக்கும் பாண்டியரின் மாபாருக்கும் வந்து போய்க்கொண்டிருந்ததும் அந்த வருடங்களில்தான். இவ்வளவுக்கும் நடுவில் நம் வணிகர் ஒருவர் கானின் திருமேனிக்கு நன்மை வேண்டிச் சிவனை நிறுவுகிறார். பயமா, நன்றியா, வியாபாரமா என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஜுவைனிக்கும் லி சீசாங்குக்கும் நோட்டில் ஒதுக்கியது போல அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவரை உங்கள் புத்தகத்தின் எந்த அத்தியாயத்தில் வைக்கப் போகிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடிதங்களுக்குக் காத்திருப்பவன்